கட்டைவிரலில் குளிர்

"குளிருது புள்ள."

"போர்வை போத்தித்தானே விட்டிருக்கேன்?"

"போர்வைய இருக்கிற கால்ல போட்டிருக்க. குளிருறது இல்லாத கால்ல."

புஷ்பவள்ளி அரிசி களைந்த கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்தாள். வெளியே மழை. ஜோகூர்ப் பக்கத்துப் பாலோவில் ஆண்டுக் கடைசி மழை என்றால் விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை. காலையில் பிடித்தால் ஊரையே ஊற வைத்துவிட்டுத்தான் ஓயும். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் செம்பனைக் காடு வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது. ஆலையின் எண்ணெய் வாடை மேலே போக முடியாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

ரப்பர்ப் பையில் சுடுதண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். கட்டிலில் ஐயாசாமியின் இடது கால் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே முடிந்துவிட்டிருந்தது. அதற்குக் கீழே மெத்தை. மெத்தையின் மேல் பூப்போட்ட விரிப்பு. பையை அந்த விரிப்பின் மேல் வைத்தாள்.

"எங்கங்க?"

"கட்டவெரலு. அதோட அடிப்பக்கம்."

விரிப்பைத் தடவினாள். "இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ புள்ள."

"இங்க?"

"ஆங். அங்கதான். தேய்யி."

அவள் தேய்த்தாள். முதலில் சில நாள் இப்படித் தேய்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. பைத்தியக்காரி என்று யாராவது நினைப்பார்களோ என்று கதவைச் சாத்திவிட்டுத் தேய்ப்பாள். இப்போது அடுத்த வீட்டுக் கஸ்தூரி வாசலில் நின்று பார்த்தாலும் கையை எடுப்பதில்லை.

ஐயாசாமி லாரி ஓட்டியவர். தோட்டங்களிலிருந்து செம்பனைப் பழக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகிற லாரி. மழைக்காலச் செம்மண் பாதையில் மற்ற ஓட்டுநர்கள் இறங்கி நின்று ட்ராக்டரைக் கூப்பிடுகிற இடத்தில், அவர் கிளச்சை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து ஏற்றிவிடுவார். எல்லாம் அந்த இடது காலின் வேலை. அந்தக் காலின் கட்டைவிரலில்தான் ஒரு நாள் செம்பனை முள் ஏறியது. சர்க்கரை உடம்பு. வலியே தெரியவில்லை. "முள்ளுதானே லா" என்று காலணியை மாட்டிக்கொண்டு போனார். விரல் கறுத்தது. பாதம் கறுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் முழங்காலுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

அறுவைக்கு முன்பு நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி வந்து கேட்டாள். மலாய்க்காரப் பெண், சிரித்த முகம். "மாச்சிக், காக்கி மாவு பாவா பாலிக்?" காலை வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று. கால் வெட்டிக்கொள்கிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதானாம். பக்கத்துக் கட்டிலில் பொந்தியான்காரர் ஹமீத். அவருக்கும் கால்தான். அவர் மகன் வெள்ளைத் துணியோடு தயாராக வந்திருந்தான். அவர்களுக்கு அது வழக்கம். உடம்பிலிருந்து பிரிந்ததையும் மண்ணுக்குள் மரியாதையாக வைப்பார்கள்.

புஷ்பவள்ளி தாழ்வாரத்துக்குப் போய் சபாபதிக்குப் போன் போட்டாள். பாலோவில் நம் ஆட்கள் யார் இறந்தாலும் முன்னால் நின்று சாங்கியம் செய்கிறவர் அவர்தான்.

"அண்ணே, இவரு காலக் குடுக்கிறேங்கிறாங்க. கொண்டாந்தா பொதைக்கிறதா, எரிக்கிறதா?"

"யாரு செத்தா?"

"யாரும் சாவல அண்ணே. காலுதான்."

சபாபதி குரலைத் தணித்துக்கொண்டார். "தங்கச்சி, சுடுகாட்டுக் கேட்டு தொறக்கிறதுன்னா ஒரு ஆளுக்குத்தான் தொறப்பேன். காலுக்குத் தொறந்து கொள்ளி வெச்சேன்னு வையி, மிச்ச ஆள 'நீயும் வா'ன்னு கூப்புட்ட மாதிரி ஆயிரும். நீ தாலியோட இருக்கிறவ. வேணாம். ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வா."

கழுத்தில் கையை வைத்துக்கொண்டுதான் அவள் திரும்பி வந்தாள். வந்தால் கட்டில் பக்கத்தில் சாருமதி உட்கார்ந்திருந்தாள். ஜோகூர் பாருவில் ஓர் ஆய்வு மையத்தில் வேலை பார்க்கிற பெண். செட்டியார் வீட்டுப் பிள்ளை, நிதானமான பேச்சு. பொறுமையாக எல்லாம் சொன்னாள். சர்க்கரை நோயில் கால் நரம்பு ஏன் சாகிறது என்று பார்க்கிறார்களாம். வெட்டுகிற காலிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்வார்களாம். விருப்பம் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லலாமாம், வைத்தியத்துக்கு ஒன்றும் ஆகாதாம்.

"நாளைக்கு இன்னொருத்தரோட காலக் காப்பாத்த உதவும் அங்கிள்."

ஐயாசாமி சிரித்தார். "இது கிளச்சுக் காலும்மா. வேலை செய்யாத பார்ட்ட வெச்சு நான் என்ன பண்றது? கழட்டிட்டுப் போ. ஸ்பேர் பார்ட்டு நல்லா இருந்தா எனக்கே திருப்பி மாட்டு."

சாருமதியும் சிரித்தாள். புஷ்பவள்ளிதான் எல்லோருக்கும் முந்திச் சொன்னாள்: "எடுத்துக்கிட்டுப் போம்மா. எங்களுக்கு வேணாம்." சுடுகாட்டுப் பக்கம் போகாமல் அது எங்கேயோ நல்ல இடத்துக்குப் போகிறது. அவளுக்கு அதுவே பெரிய ஆறுதல். அவர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு வலி வந்தது. இல்லாத காலில் வலி. அப்போதெல்லாம் அவர் "எரியுது" என்றார், "அரிக்குது" என்றார். குளிர் என்று சொன்னதில்லை. ஒரு நாள் சாயங்காலம் புஷ்பவள்ளி உளுந்து வடைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாவுக் கையால் எடுக்க முடியாமல் கஸ்தூரியிடம் ஒலிபெருக்கியைப் போடச் சொன்னாள். சாருமதி. அங்கிள் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கத்தான் கூப்பிட்டாள். மற்றவர்கள் எடுத்துக்கொண்டு மறந்துவிடுவார்கள், இவள் மறக்கவில்லை.

"நல்லா இருக்காரு கண்ணு. ஆமா, அத எங்க வெச்சிருக்கீங்க?" என்று புஷ்பவள்ளி கேட்டுவிட்டாள். கொடுத்த பாத்திரத்தைப் பற்றி விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள்.

"பத்திரமா இருக்கும்மா. ஃப்ரீசர்ல. மைனஸ் எண்பது டிகிரி."

"முழுக்காலுமா?"

"இல்லம்மா. மத்தத அப்பவே ஆஸ்பத்திரியில எரிச்சிருப்பாங்க. எங்ககிட்ட கொஞ்சம் நரம்பு, ரத்தக்குழாய், தோலு. கட்டவெரல் பக்கத்து நரம்புதான் எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

கூடத்திலிருந்து ஐயாசாமி கேட்டார், "மைனஸ் எண்பதுன்னா எவ்வளவு கஸ்தூரி?"

"மீனு வெக்கிற ஐஸ்பொட்டிய விடக் கூட இருக்கும்ணே. ரொம்பக் கூட."

அன்று சாயங்காலம் வடை தின்றுகொண்டிருக்கும்போதே ஆரம்பித்தது. "புள்ள, காலு என்னமோ ஜில்லுனு இருக்கு."

கிளினிக் டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: இது மூளை செய்கிற வேலை, கால் போனது மூளைக்கு இன்னும் தெரியவில்லை. மாத்திரை கொடுத்தார். மாத்திரையில் அவர் பகலெல்லாம் தூங்கினார், தூங்கி எழுந்து குளிருது என்றார்.

"மூளைக்குக் குளிருதுன்னா நான் தொப்பி போட்டுக்கிறேன். காலுல்ல குளிருது?"

மகன் கவின் சிங்கப்பூரில் வேலை. ஜேபி என்கிற ஜோகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அப்பாவைச் சிரிக்க வைக்கப் பார்ப்பான். ஐயாசாமி சில சமயம் சிரிப்பார். அந்த வாரம் சிரிக்கவில்லை.

"அந்த ஹமீதுக்குப் போன் போட்டேன்டா. அவனுக்கும் வலிக்குதாம், இல்லாத காலு."

"பாத்தீங்களா? எல்லாருக்கும் வர்றதுதான்ப்பா."

"வலிக்குது, ஆனா குளிரலையாம். வீட்டுப் பக்கத்துலதான் பொதைச்சிருக்கானாம். மாமரத்துக்குக் கீழ. வலிச்சா சன்னல் வழியா அங்க பாப்பானாம். 'எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரியும் சாமி'ங்கிறான்." குரல் இறங்கியது. "எனக்கு எங்கடா வலிக்குது? ஜேபியில எந்த மாடியில வலிக்குது?"

கவின் அம்மாவைப் பார்த்தான்.

"எரிச்சிரச் சொல்லுங்க" என்றார் ஐயாசாமி. "மத்ததெல்லாம் எரிச்சாச்சாம்ல. இந்தக் கட்டவெரலு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு, தனியா ஐஸ்ல கெடக்க? எரிச்சுட்டாச் சூடு வந்துரும். அது போதும் எனக்கு. வேற ஒண்ணும் கேக்கல."

அவர் வேறொன்றும் கேட்கவும் இல்லை. பொய்க்கால் வேண்டாம் என்றார். சக்கர நாற்காலியை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனால் போதும் என்றார். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். நெத்திலிச் சம்பால் என்றால் தட்டைத் துடைத்துத் தின்கிறவர், இரண்டு வாய் வைத்துவிட்டு, "சோறு போதும் புள்ள, காலத் தேய்யி" என்றார்.

கவின் போனில் கேட்டபோது சாருமதி சொன்னபடி, ஆய்விலிருந்து விலகுகிறேன் என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கவினிடம் கொடுத்துவிட்டார். அதைக் கொடுத்துவிட்டு நேரில் பேச, ஒரு வெள்ளிக்கிழமை கவின் லீவு போட்டு அம்மாவைக் காடியில் ஏற்றிக்கொண்டு ஜேபிக்குப் போனான். புஷ்பவள்ளி ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

"பையில என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. ஓட்டு."

ஆய்வு மையத்தில் ஏர்கோன் குளிர் எலும்பைத் துளைத்தது. சாருமதி கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். சூடாக மைலோ வாங்கி வந்து இருவர் முன்னாலும் வைத்தாள்.

"அங்கிள் விலகுறேன்னு எழுதினது சரியா இருக்கும்மா. ஏத்துக்கிட்டோம். இனிமே அவரோடத வெச்சுப் புதுசா எதுவும் பண்ண மாட்டோம்."

"அப்ப குடுத்துருவியா?"

"அது முடியாதும்மா."

"அவரு காலுதானேம்மா?"

"அவரு காலுதான். ஆனா எங்க லைசன்ஸ்ல எடுக்கிறதுக்கு வழி இருக்கு, வெக்கிறதுக்கு வழி இருக்கு, அழிக்கிறதுக்கு வழி இருக்கு. கையில குடுக்கிறதுக்கு வழியே எழுதலம்மா. நான் குடுத்தா இந்த எடத்தையே மூடிருவாங்க."

"சரி, அழிக்கிறதுன்னா எரிக்கிறதுதானே? அதையாவது பண்ணு. நாங்க ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிர்றோம். ஒரு சூடம் மட்டும் ஏத்திக்கிறேன்."

சாருமதி மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தாள். "நாங்க எரிக்க மாட்டோம்மா. அதுக்கு லைசன்ஸ் உள்ள கம்பெனி தனியா இருக்கு. அவங்க வந்து எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கமிட்டி கூடி ஒத்துக்கணும். யாரையும் உள்ள விட மாட்டாங்க. எல்லாரோடதும் ஒண்ணாத்தான் போகும்."

"எப்பப் போகும்?"

"தேதி சொல்ல முடியலம்மா."

"அலமாக்!" என்றான் கவின். "எங்க மொதலாளி தவுக்கேகூட இதுக்கு மேல நல்லாப் பதில் சொல்வாரு சிஸ்டர்."

"இன்னொண்ணும் இருக்கு." சாருமதி அவனைப் பார்க்காமல் சொன்னாள். "இப்பச் சொன்னது எங்ககிட்ட மிச்சம் இருக்கிறதப் பத்தித்தான். பாதி சிங்கப்பூர் லேப்புக்குப் போயிருச்சு. அனுமதி வாங்கித்தான் அனுப்புனோம், எல்லாம் முறைப்படி. நீங்க வேணாங்கிறதுக்கு முந்தியே போயிருச்சு."

கவின் மைலோவைக் கீழே வைத்தான். "சிங்கப்பூருக்கா? நான் ஒரு பக்கம் ரெண்டு மணி நேரம் ஜாமுல நிக்கிறேன். எங்கப்பா காலு மட்டும் கியூ இல்லாமப் போயிருச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"அங்கேருந்து கூப்புட முடியாதா கண்ணு?" என்றாள் புஷ்பவள்ளி.

"எதக் கூப்புடறதுன்னு அவங்களுக்குத் தெரியாதும்மா. அனுப்பும்போதே பேர எடுத்துட்டோம். நம்பர எடுத்துட்டோம். நூத்துக்கணக்கான சீசாவுல எது அங்கிளோடதுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. எனக்கே தெரியாது."

"அவரு பேர எதுக்கு எடுத்தீங்க?"

"ரகசியம் காக்கணும்னு சட்டம்மா. அவரோட வியாதி வெளிய யாருக்கும் தெரியக் கூடாது."

"யாருக்குத் தெரியக் கூடாது? எனக்கா?"

சாருமதியின் முகம் சிவந்தது. "உங்கள மாதிரி ஆளுங்களக் காப்பாத்தத்தாம்மா இவ்வளவு கட்டுப்பாடு. முன்ன காலத்துல கேக்காமலே எடுத்துக்கிட்டாங்க, வித்தும் இருக்காங்க. அப்படி நடக்கக் கூடாதுன்னுதான் எல்லாமே."

"நீ கேட்டுட்டுத்தான் எடுத்த கண்ணு. அது நெசந்தான். நாங்களும் சரின்னோம். உம்மேல ஒரு தப்பும் இல்ல." புஷ்பவள்ளி மைலோக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "தப்பு இருந்தா யாரையாவது திட்டிட்டாவது போயிருப்பேன்."

ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப அந்தப் பக்கம் இருக்கிறது இருந்துக்கிட்டே இருக்குமா?"

"இருக்கும்மா."

"எம்புட்டு நாளைக்கு?"

"ஃப்ரீசர் ஓடுற வரைக்கும்."

புஷ்பவள்ளி எழுந்தாள். துணிப்பை நாற்காலியிலிருந்து சரிந்தது. உள்ளேயிருந்து ஒரு பித்தளைச் செம்பு உருண்டு வந்து சாருமதியின் காலடியில் நின்றது. பின்னாலேயே ஒரு முழம் வெள்ளைத் துணி. சாருமதி குனிந்து இரண்டையும் எடுத்தாள். செம்புக்குள் சூடக் கட்டி இருப்பதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் துணியை மடித்துச் செம்போடு பையில் வைத்துக் கொடுத்தாள். லிப்ட் வரைக்கும் கூடவே வந்தாள்.

"அங்கிளுக்கு எப்பலேருந்தும்மா இந்தக் குளிரு?"

"நீ போனுல சொன்ன அன்னிலேருந்து."

லிப்ட் கதவு மூடும்வரை அந்தப் பெண் அப்படியே நின்றாள்.

திரும்பி வருகிற வழியில் மழை காடிக் கண்ணாடியை மூடி மூடி அடித்தது. ஆயர் ஈத்தாம் தாண்டியதும் கவின் கேட்டான்.

"அப்பாகிட்ட என்னம்மா சொல்லப் போற?"

"எரிச்சாச்சுன்னு சொல்லப் போறேன்."

"ம்மா! அவரு நம்பிருவாரா?"

"நம்பாம என்ன பண்ணுவாரு? நீ ஒண்ணும் பேசாத. வாயத் தொறந்தா நீ ஒளறிருவ."

ஐயாசாமி வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கஸ்தூரி பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காடி நின்றதும் அவர் கேட்டார், "என்ன ஆச்சு புள்ள?"

"முடிஞ்சிருச்சுங்க. எரிச்சுட்டாங்க."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கேதான். நாங்க இருக்கையிலயே."

"யாரு கொள்ளி வெச்சா? இவனா?"

கவின் குனிந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அங்க கொள்ளியெல்லாம் ஏதுங்க? சுவிட்சுதான். இவன் கையாலதான் அமுக்குனான்."

"எல்லாமேவா? ஒரு துண்டு பாக்கி இல்லாம?"

"ஒரு துண்டு பாக்கி இல்ல."

அவர் யோசித்தார். மழையைப் பார்த்தார். "சாம்பல் எங்க?"

அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. கஸ்தூரியின் கை கீரையில் நின்றுவிட்டது.

"ஆறணும்லங்க? அப்புறந்தான் குடுப்பாங்களாம். இவன் வரும்போது வாங்கிட்டு வருவான்."

"வந்ததும் மெர்சிங் கடலுக்குப் போவோம். எங்கப்பாவையும் அங்கதான் கரைச்சோம்." அவர் சக்கரத்தைத் திருப்பினார். "மழைக்கு இன்னும் குளிருது. கரைச்சா நின்னுரும்."

அடுத்த வாரம் ஒரு நாள் மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. மாத்திரை போட்டு அவர் தூங்குகிற நேரம் பார்த்து, புஷ்பவள்ளி வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு பழைய சமையல் எண்ணெய்த் தகரத்தை வைத்தாள். காய்ந்த தேங்காய்ச் சிரட்டைகளை உடைத்துப் போட்டாள். வாசலில் காலணி அடுக்கும் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். லாரி ஓட்டும்போது அவர் போடுகிற கேன்வாஸ் காலணி. இடது கால். கட்டைவிரல் படுகிற இடத்தில் துணி தேய்ந்து ஓட்டையாகியிருந்தது.

கஸ்தூரி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா! என்னக்கா பண்ற?"

"சாம்பல் கேக்குறாருல்ல."

"அடுப்புச் சாம்பல அள்ளிக் குடுத்துட்டுப் போயேன்!"

"அது யாரோட சாம்பலோ. இதுலயாவது அவரு வேர்வை இருக்கு."

"உசுரோட இருக்கிற மனுசனுக்கு நீ உன் கையால... தாலியோட... சபாபதி அண்ணனுக்குத் தெரிஞ்சா?"

"அவரு பேச்சக் கேட்டுத்தான்டி அன்னிக்கு வேணாம்னேன்." புஷ்பவள்ளி தீக்குச்சியைக் கிழித்தாள். நமுத்துப்போன பெட்டி, பற்றவில்லை. இன்னொன்று கிழித்தாள். "தாலியத்தான் நெனச்சேன் அன்னிக்கு. அவரு காலு எங்க படுக்கும்னு நெனைக்கல. ஷூவுக்குத்தான்டி கொள்ளி வெக்கிறேன். போ, அவரு முழிச்சுக்கிட்டாரான்னு பாரு."

சிரட்டை பிடித்துக்கொண்டது. கேன்வாஸ் சுருண்டு எரிந்தது. அடியிலிருந்த ரப்பர்தான் எரியாமல் உருகிக் கரும்புகை விட்டது. துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டாள். கம்பால் ரப்பரை ஒதுக்கி ஒதுக்கி, வெள்ளையாக விழுந்த சாம்பலை மட்டும் கரண்டியில் அள்ளினாள். கண்ணில் நீர் கொட்டியது. புகையால் என்று வைத்துக்கொள்ளலாம்.

"புள்ள!" உள்ளேயிருந்து குரல். "என்ன நாத்தம்?"

"கொல்லைக்குப் பின்னால எவனோ டயரு எரிக்கிறான்!"

"மழையிலயா?"

அவள் கரண்டியோடு குனிந்துகொண்டாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கவின் வந்தான். செம்பை வெள்ளைத் துணியால் வாய்கட்டி, ஜேபியிலிருந்து கொண்டுவந்ததுபோலக் காடியிலிருந்தே எடுத்துக் காட்டினான். ஐயாசாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். நெற்றியில் திருநீறு. கவின் அவரை நாற்காலியோடு வாசலுக்குத் தள்ளி வந்தான்.

"எந்த ஷூப்பா போடுறீங்க?"

அவர் காலணித் தட்டைப் பார்த்தார். கேன்வாஸ் காலணியில் வலது கால் மட்டும் இருந்தது. பக்கத்தில் இடதுகால் அளவுக்கு ஓர் இடம், தூசி படியாமல். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பவள்ளி பூட்டைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

"ஜப்பான் செருப்பு போதும்" என்றார். "தூக்குடா."

காஹாங் வழியாகப் போனார்கள். வழியெல்லாம் செம்பனை, மழை, மறுபடி செம்பனை. அவர் சன்னல் பக்கம் உட்கார்ந்து பாதை சொல்லிக்கொண்டே வந்தார். "இங்க வளைவு, மெதுவா போ. இந்தப் பாலத்துல தண்ணி ஏறும்." கவின் இரண்டு முறை, "கூகிள்ல இருக்குப்பா" என்றான். "கூகிளு லாரி ஓட்டிருக்கா?" என்றார். புஷ்பவள்ளி சிரித்துவிட்டாள். பின்னால் அவர் பக்கத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள், மடியில் செம்பு.

மெர்சிங் படகுத்துறையில் படகுகளை எல்லாம் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பருவக்காற்றுக் காலத்தில் தீவுக்குப் போக்குவரத்து இல்லை. கடல் தேநீர் நிறத்தில் புரண்டது. தீவுகள் இருக்கிற திசையில் மழைத்திரைதான் தெரிந்தது. ஒரு மலாய்ப் பையன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு இவர்களுக்கு இடம்விட்டு நகர்ந்தான்.

கவின் நாற்காலியை ஓரத்துக்குத் தள்ளி, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். புஷ்பவள்ளி துணியை அவிழ்த்துச் செம்பை அவர் கையில் வைத்தாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். விரலைவிட்டுத் தொட்டுப் பார்த்தார். இரண்டு விரலுக்கு நடுவில் எடுத்துத் தேய்த்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

புஷ்பவள்ளி வெள்ளைத் துணியைக் கையில் இறுக்கிச் சுருட்டினாள்.

"நல்லாத்தான் எரிஞ்சிருக்கு" என்றார்.

செம்பைக் கவிழ்த்தார். காற்று பாதியைக் கடலுக்குக் கொடுத்தது, பாதியைத் திருப்பி அவர் வேட்டியிலேயே கொட்டியது. காலில்லாத பக்கம் மடித்துச் செருகியிருந்த இடத்தில். கவின் தட்டிவிடப் போனான். "இருக்கட்டும்டா" என்றார். அவரே மெதுவாகத் தட்டிக்கொண்டார்.

"எப்படிங்க இருக்கு?"

அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்த்தார். சிவந்து கிடந்த அவள் கண்ணை, சூடு பட்டுக் கறுத்திருந்த ஆள்காட்டி விரலை.

"பரவால்ல புள்ள. சூடு வந்துருச்சு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். விட்டுச்சு சனியன்."

கவின் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான். திரும்பும் வழியில் ரொட்டிச் சானாய் சாப்பிட்டார்கள். ஐயாசாமி இரண்டு கேட்டார். அப்பா இரண்டு ரொட்டி தின்கிறார் என்று கவினுக்கு ஒரே சந்தோஷம். கடைக்காரரிடம் குழம்பு கூட ஊற்றச் சொன்னான். "டாக்டர் திட்டுவாரு லா" என்றார். "இன்னிக்கு ஒரு நாள்ப்பா" என்றான். இரண்டாவது ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிர, உள்ளே போனது கொஞ்சம்தான். அதைப் புஷ்பவள்ளி பார்த்தாள்.

ஜமாலுவாங் தாண்டியதும் மழை மறுபடி பிடித்தது. கவின் பாட்டுப் போட்டான், கூடவே முணுமுணுத்தான். காடிக்குள் ஏர்கோன் லேசாக ஓடியது. புஷ்பவள்ளி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். தூங்கவில்லை.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. இமையைக் கொஞ்சம் திறந்து பார்த்தாள்.

ஐயாசாமி தோளிலிருந்த துண்டை எடுத்தார். அவள் தூங்குகிறாளா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு அதை விரித்து, முழங்காலுக்குக் கீழே, ஒன்றும் இல்லாத இடத்தில் போட்டார். காற்று போகாதபடி நுனியை இருக்கைக்கு அடியில் செருகினார். செருகியது நழுவியது. மறுபடி செருகினார்.

புஷ்பவள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏர்கோன அடைடா" என்றாள் மகனிடம்.

"ஏன்மா? கண்ணாடிய ஆவி மூடிரும்."

"அடைடா."

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. சன்னல் கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் துண்டுக்கு அடியில் கையைவிட்டாள். வெறும் காற்றும், காடித் தரையில் விரித்த குளிர்ந்த மிதியடியும். குனிந்து, அந்த மிதியடியின் மேல் தேய்க்க ஆரம்பித்தாள்.

வெகுதூரம் தேய்த்துக்கொண்டே வந்தாள். காஹாங் ஊர் வெளிச்சம் தெரிகிற சமயத்தில், அவர் சன்னலைப் பார்த்தபடியே, மகனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் கீழ புள்ள."